லிஃப்டக்கா எழுதிய உயில்

முதலில் மோதிரத்தைக் கழற்றுகிறார். அடுத்து இரண்டு வளையல்கள், காதில் இருக்கும் பொட்டுத் தோடுகள், கடைசியாகக் கைக்கடிகாரம். எல்லாவற்றையும் ஒரு பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு, டப்பென்று மூடிச் சட்டைப்பையில் வைக்கிறார். ‘வேலை நடக்கிறது’ என்ற மஞ்சள் பலகையை லிஃப்ட் கதவில் மாட்டுகிறார். மின்சாரப் பெட்டியைப் பூட்டி, அதன் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார். பிறகு தொலைபேசியில் இரண்டே வார்த்தை. “உள்ள போறேன்.” மறுமுனையில் ரொட்டி அடுப்பின் இரைச்சலுக்கு நடுவே கணவர் ‘ம்’ என்கிறார். அந்த ‘ம்’ வந்த பிறகுதான் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு லிஃப்ட் பள்ளத்தின் இருட்டுக்குள் இறங்குகிறார்.

வேலை முடிந்து மேலே வந்ததும் இன்னொரு வார்த்தை. “வந்துட்டேன்.” ஒரே ஒரு முறை அதைச் சொல்ல மறந்துவிட்டார். அரைமணி நேரத்தில் கணவர் முழங்கை வரை மாவோடு எங்கள் கட்டடத்து வாசலில் நின்றார். “ஒண்ணுமில்ல, இந்தப் பக்கமா வந்தேன்” என்றார். முழங்கை வரை மாவோடு யாரும் இந்தப் பக்கமாக வருவதில்லை.

எங்கள் ஏழு மாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் லிஃப்டக்காதான். என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர்; நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். குட்டையான உருவம், நீலச் சட்டை, பின்னலைச் சுருட்டி உள்ளே திணித்த தொப்பி. லிஃப்டைச் சோதிக்க மாதம் ஒருமுறை வருவார். லிஃப்டில் ஏறினால் மற்றவர்களைப் போல் எண்களைப் பார்க்க மாட்டார். மூலையில் நின்று, உள்ளங்கையைச் சுவரில் பதித்து, தலையைச் சாய்த்துக் கேட்பார். “அஞ்சாம் மாடியில இவனுக்கு ஒரு இருமல் இருக்கு” என்பார். எங்களுக்கு ஒன்றும் கேட்காது. அடுத்த வாரம் ஐந்தாம் மாடியில் லிஃப்ட் நின்றுபோகும்.

ஒருமுறை அப்படி நின்றபோது உள்ளே இருந்தவர் மூன்றாம் மாடிப் பல் மருத்துவர். ஊரார் பல்லையெல்லாம் அசராமல் பிடுங்குகிறவர், கதவைக் குத்திக் கூச்சல் போட்டார். லிஃப்டக்கா வெளியே தரையில் உட்கார்ந்து, கதவு இடுக்கில் வாயை வைத்துப் பேசினார். “சார், உங்களைத் தாங்கறது ஒரு கயிறு இல்ல, ஆறு. ஒவ்வொண்ணும் தனியாவே உங்களைத் தாங்கும். நீங்க கொஞ்சம் உக்காருங்க. கடைசியா நீங்க எப்ப சும்மா உக்காந்தீங்க, சொல்லுங்க?” பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்துவிட்டது.

நான் நான்காம் மாடி வழக்கறிஞர். சண்டை வழக்குகளைவிட, சண்டை வராமல் இருக்க எழுதும் பத்திரங்கள்தான் எனக்கு அதிகம். லிஃப்டக்காவைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். “எழுதுங்க. ஆனா கிரீஸ் கையோட உங்க நாற்காலியில உக்காந்தேன்னு எழுதாதீங்க. கழுவிட்டுத்தான் வந்தேன்” என்றார். உண்மை. கழுவிவிட்டுத்தான் வந்தார். சோப்பு வாசனை எனக்கே வந்தது.

அது ஒரு திங்கட்கிழமை. முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வழவழவென்று பேசாமல் நேராகக் கேட்டார்.

“சார், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போயிட்டா, பிள்ளைங்க யாருகிட்ட போகும்?”

உயில் எழுத வருகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கடைசியில், அதுவும் நான் தூண்டிய பிறகுதான் கேட்பார்கள். வீடு யாருக்கு, நகை யாருக்கு என்பதில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி இங்கே வருவார்கள். இவர் இங்கேதான் தொடங்கினார்.

காரணம் முந்தின வாரம் நடந்தது. கணவனும் மனைவியும் ஒரே ஸ்கூட்டரில் போனபோது ஒரு லாரி உரசித் தள்ளிவிட்டது. இருவருக்கும் சிராய்ப்புதான். ஆனால் மருத்துவமனையில் படம் எடுத்து, கட்டுப் போட்டு, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவதற்குள் மாலையாகிவிட்டது. கணவரின் தொலைபேசி லாரிச் சக்கரத்தில் நசுங்கிவிட்டது. லிஃப்டக்காவுடையது வீட்டில் மேஜை மேல். வந்து பார்த்தால், பூட்டிய கதவுக்கு வெளியே படிக்கட்டில் மூன்று பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூத்த பெண்ணுக்குப் பதினேழு. அவள் மடியில் ஆறு வயதுக் கடைக்குட்டி தூங்கிக்கொண்டிருந்தான். நடுவில் இருக்கும் பதினொரு வயதுப் பையன் மூன்று பேருடைய பள்ளிப் பைகளையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான்.

“மூணு மணி நேரம் சார். மூணு மணி நேரத்துக்கே எந்த வீட்டுக்குப் போறதுன்னு அவங்களுக்குத் தெரியல. பெரியவளைக் கேட்டேன், ஏன்டி யார் வீட்டுக்காவது போயிருக்கக் கூடாதான்னு. யார் வீட்டுக்கும்மான்னு கேட்டா.”

இருவரும் தனித்தனியாக எழுத வேண்டும், ஆனால் ஒன்றுக்கொன்று முரண்படாமல் எழுத வேண்டும் என்று விளக்கினேன். “ஜோடிச் செருப்பு மாதிரி” என்று உடனே பிடித்துக்கொண்டார். “தனித்தனியாத்தான் தைக்கணும், ஒரே அளவா இருக்கணும்.” முப்பது வருடமாக நான் கட்சிக்காரர்களுக்கு அரைமணி நேரம் விளக்கி வந்த விஷயம். அன்று முதல் நானும் செருப்பைத்தான் சொல்கிறேன்.

ஒரு செருப்பு தயாராகிவிட்டது. இன்னொன்றுதான் அகப்படவில்லை.

லிஃப்டக்காவின் கணவர், ரொட்டிக்காரர், நல்ல மனிதர். பெரிய உடம்பு, மெல்லிய குரல். மூன்று முறை என் அலுவலகத்துக்கு வர நேரம் வாங்கினார். முதல் முறை அடுப்பு பழுது. இரண்டாம் முறை வயிறு சரியில்லை. மூன்றாம் முறை வந்தார், ஆனால் ஒரு பை நிறைய சூடான ரொட்டியைக் கொடுத்துவிட்டு, “இன்னிக்கு நாள் சரியில்லைன்னு தோணுது சார்” என்று எழுந்தார். லிஃப்டக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்தார்.

“என்னங்க பயம்?”

“பயமெல்லாம் இல்ல. நல்லா இருக்கற நேரத்துல இதெல்லாம் எதுக்கு? எமனுக்கு நாமளே விலாசம் எழுதிக் குடுக்கற மாதிரி.”

“அவருக்கு நம்ம விலாசம் எப்பவோ தெரியும்ங்க. தெரியாதது நம்ம பிள்ளைங்களுக்குத்தான்.”

ரொட்டிக்காரர் மறுபடி உட்கார்ந்தார். அன்று ரொட்டியை மூவரும் தின்றபடியே பாதி விவரங்களை எழுதி முடித்தோம். சொத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு பேர் பெயரிலும் ஒரு இரண்டு அறை வீடு, கொஞ்சம் சேமிப்பு, இரண்டு காப்பீடுகள், ஒரு அடுப்பு. ஒருவர் போனால் மற்றவருக்கு; இருவரும் போனால் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக. நான் தூய நடையில் நகல் எழுதி, அடுத்த வாரம் லிஃப்டக்காவிடம் நீட்டினேன்.

அவர் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. ‘என் கணவரின் முதல் மனைவியின் மகளும், என் மகன்கள் இருவரும்’ என்று நான் எழுதியிருந்தேன். மேஜைமேலிருந்த என் பேனாவை எடுத்து, மிக நேர்த்தியாக, அளவுகோல் வைத்தது போல, முதல் ஐந்து சொற்களையும் அடித்தார். மேலே எழுதினார்: ‘என் மூத்த மகளும்’.

மூத்த பெண் அவர் பெற்றவள் இல்லை. முதல் மனைவி நோயில் இறந்தபோது குழந்தைக்கு மூன்று வயது. ஒரு வருடம் கழித்து இவர் அந்த வீட்டுக்கு வந்தார். இதெல்லாம் எனக்கு அவர்தான் சொல்லியிருந்தார், விவரம் கேட்டபோது, பிறந்த தேதி சொல்வது போல.

நான் தொழில் புத்தியோடு சொன்னேன். சட்டப்படி தத்து எடுக்கவில்லை. வெறுமனே மகள் என்று எழுதினால் நாளைக்கு யாராவது ‘அது எந்த மகள்’ என்று கிளப்புவார்கள். உறவைத் தெளிவாகச் சொல்வது அவளுக்கே பாதுகாப்பு.

“கிளப்பறவனுக்குக் காட்டறதுக்குப் பின்னாடி எங்கயாவது எழுதிக்குங்க. பேரு, பிறந்த தேதி, யாருக்குப் பிறந்தா, எல்லாம் எழுதுங்க. முன்னாடி மகள்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?” என்றேன்.

“உங்களுக்கு ஒண்ணு. நான் போனப்புறம் இதைப் பிரிச்சுப் படிக்கப்போறது அவ. முதல்ல எது கண்ணுல படுதோ அதுதான் அவளுக்கு.”

முப்பது வருடம் உயில் எழுதியிருக்கிறேன். அதைப் படிக்கப்போகிறவர் அந்த நேரத்தில் அழுதுகொண்டிருப்பார் என்பது எனக்கு அன்றுதான் தோன்றியது. நகலை முழுவதும் திருத்தி எழுதினேன்.

மீதி இருந்தது ஒரே ஒரு காலி இடம். பிள்ளைகளின் காப்பாளர் யார்?

ரொட்டிக்காரருக்குச் சந்தேகமே இல்லை. அவருடைய அண்ணன். வசதியான மனிதர், மாடி வீடு, கணக்கு வழக்கில் சுத்தம். லிஃப்டக்கா மறுக்கவில்லை. “ஓட்டிப் பாக்காம எந்த லிஃப்டையும் ஆளுங்க ஏற விட மாட்டேன்” என்று மட்டும் சொன்னார். பள்ளி விடுமுறையில் மூன்று பிள்ளைகளையும் பெரியப்பா வீட்டில் நான்கு நாள் விட்டார். இது சோதனை என்று யாரிடமும் சொல்லவில்லை. திரும்பக் கூட்டிவரப் போனபோது தெருமுனையிலிருந்தே ஒன்று கண்ணில் பட்டது. கடைக்குட்டிக்கு இன்னும் படுக்கையில் நனைக்கும் பழக்கம் உண்டு. அவன் நனைத்த விரிப்பு, தெருவைப் பார்த்த பால்கனியில் காய்ந்துகொண்டிருந்தது. பெரியப்பா சிரித்தபடி, “உங்க வீட்டுக் குழாய் ரிப்பேரு” என்றார். கடைக்குட்டி அம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

“அவரு கெட்டவரு இல்ல சார். பிள்ளைங்களுக்கு வேணுங்கறதெல்லாம் வாங்கிக் குடுத்திருக்காரு. ஆனா சாப்பிடறப்ப ஒண்ணு சொன்னாரு. நாளைக்கு ஒண்ணுன்னா சின்னவங்க ரெண்டு பேரும் இங்க இருக்கட்டும், பெரியவளை நல்ல ஹாஸ்டலாப் பாத்துச் சேர்த்துடலாம், அவதான் வளந்துட்டாளேன்னு. எங்க பெரியவ தட்டைப் பாத்துக்கிட்டே தலையாட்டினா.”

அந்தத் தலையாட்டலின் விளைவு அடுத்த மாதம் என் அலுவலகத்துக்கே வந்தது. பள்ளிச் சீருடையில், தோளில் பையோடு, மூத்த பெண். வீட்டில் இருந்த நகலைப் படித்திருக்கிறாள்.

“அங்கிள், கார்டியன்ங்கற இடம் காலியா இருக்கு. என் பேரைப் போடுங்க. இன்னும் ஏழு மாசத்துல எனக்குப் பதினெட்டு.”

அப்பா அம்மா சொல்லாமல் போட முடியாது என்றேன். அவள் நகரவில்லை. தாயிடமிருந்து கற்ற பழக்கமாக இருக்க வேண்டும், நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். நல்ல வேளை, அன்று லிஃப்டுக்கு மாதச் சோதனை. நான் போய் மஞ்சள் பலகைக்குப் பக்கத்தில் நின்று பள்ளத்துக்குள் குரல் கொடுத்தேன். லிஃப்டக்கா மேலே வந்து, முதலில் தொலைபேசியில் “வந்துட்டேன்” என்றார். பிறகு பழந்துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு என் அறைக்குள் வந்தார். உட்காரவில்லை.

“என்னடி?”

“தம்பிங்களை நானே பாத்துப்பேம்மா. எனக்கு எல்லாம் தெரியும். அன்னிக்குக்கூட நான்தானே பாத்துக்கிட்டேன்.”

“பாத்துக்கிட்டே. யாரு இல்லைன்னது?”

“அப்ப என் பேரைப் போடு.”

“போட மாட்டேன்.”

பெண்ணின் முகம் சுருங்கியது. “என்னை நம்பலையாம்மா?” என்று கேட்டாள். கேட்ட விதத்தில் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது. அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது கேட்டது.

லிஃப்டக்கா துணியை மடித்துப் பையில் வைத்தார். “லிஃப்டுக்குள்ள எட்டுப் பேர்னு எழுதி வெச்சிருக்கோம். அதுக்கு மேல ஏறினாலும் கயிறு அறாது. எனக்குத் தெரியும். இருந்தாலும் எட்டுன்னுதான் எழுதறோம். தாங்கும்னு தெரிஞ்சதுக்காகவே ஒருத்தர் மேல ஏத்தக் கூடாது.”

“நான் லிஃப்ட் இல்லம்மா.”

“தெரியும்டி. நீ தாங்குவே. உன்னை நம்பறேன். அதுக்காக உன் இருபது வயசை எடுத்து உன் தம்பிங்களுக்கு எழுதி வெக்க எனக்கு உரிமை இல்ல. இந்தா, சார்கிட்டயே கேளு. நம்மளுது இல்லாததை உயில்ல எழுத முடியுமா சார்?”

“முடியாது” என்றேன். சட்டப்படி சரியான பதில்தான்.

பெண் தோள்பையை இறக்கித் தரையில் வைத்தாள். பிறகு, “அப்ப யாரு?” என்றாள். மூன்று மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தவளின் குரல் அது.

“உங்க மாமா” என்றார் லிஃப்டக்கா.

மாமா என்றால் முதல் மனைவியின் தம்பி. இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த மனிதர் முடி திருத்தும் கடை வைத்திருப்பவர். இரண்டு நாற்காலிக் கடை, அதற்குப் பின்னாலேயே வீடு. அக்கா இறந்தபோது, தாயில்லாத குழந்தையைத் தானே வளர்ப்பதாகக் கேட்டிருக்கிறார். ரொட்டிக்காரர் கொடுக்க மறுத்துவிட்டார். படிக்கட்டிலேயே வாய்த் தகராறு. அன்று இறங்கிப் போனவர், அடுத்த பதினான்கு வருடமும் அந்தப் படிக்கட்டில் ஏறவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவில் நின்று சைக்கிள் மணி அடிப்பார். அக்கா மகள் இறங்கிப் போவாள். மாலையில் கொண்டுவந்து விடுவார். லிஃப்டக்காவைப் பார்த்தால் தலையசைப்பு. உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஆனால் போன வருடம் ஒரு ஞாயிறு, கடைக்குட்டி ‘நானும் வருவேன்’ என்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். மாமா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அவனையும் தூக்கி முன்னால் உட்கார வைத்துக்கொண்டார். அடுத்தடுத்த மாதங்களில் நடுப்பையனும் சேர்ந்துகொண்டான். ஒருமுறை மூவரும் அங்கேயே இரவு தங்கி வந்தார்கள். கடைக்குட்டியின் கால்சட்டை துவைத்து, தேய்த்து, மடித்து அவன் பையில் இருந்தது.

“என்னடா இது, கால்சட்டை மாத்தியிருக்கேன்னு கேட்டேன் சார். அதுக்கு அவன், ‘பாவம்மா மாமா, தூக்கத்துல காலு பட்டு தண்ணி ஜக்கைத் தட்டி விட்டுட்டாரு, என் பெட்டெல்லாம் நனைஞ்சிடுச்சு, அத்தை மாமாவைத்தான் திட்டினாங்க’ன்னான். இன்னிக்கு வரைக்கும் அவனுக்கு மாமாமேல பரிதாபம்.”

இதைச் சொல்லிவிட்டு லிஃப்டக்கா சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

ரொட்டிக்காரருக்கு இது தெரிந்தபோது, அவர் கோபப்படவில்லை. அதைவிடக் கஷ்டமான ஒன்று நடந்தது, குன்றிப் போனார். என் எதிரில்தான் சொன்னார். “அவன் சரியான ஆளுதான். எனக்குத் தெரியும். ஆனா அன்னிக்குப் பிள்ளையைக் குடுக்க மாட்டேன்னு சொன்னவன் நான். இன்னிக்கு எந்த முகத்தோட போய்க் கேக்கறது?”

“உங்க முகம் வேணாம். என் முகம் இருக்கு” என்றார் மனைவி.

முடி திருத்தும் கடையில் நடந்ததை லிஃப்டக்காவும் கடைக்காரரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தது. வழக்கறிஞன் வாழ்க்கையில் அது அபூர்வம். ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டமில்லாத நேரம் பார்த்து, பையன்கள் இரண்டு பேரையும் முடி வெட்டக் கூட்டிப் போயிருக்கிறார். நடுப்பையனுக்கு வெட்டி முடித்து, கடைக்குட்டியைப் பலகை போட்டு உயர்த்தி உட்கார வைத்து, கழுத்தில் துணி கட்டியாகிவிட்டது. லிஃப்டக்கா பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தே பேசினார். கண்ணாடிக்குள் பார்த்துப் பேசினால் கஷ்டமான விஷயமும் எளிதாக வருகிறது என்பது அவர் கண்டுபிடிப்பு.

உயில் எழுதுவதைச் சொன்னார். லாரியைச் சொன்னார், படிக்கட்டைச் சொன்னார். “எங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பிள்ளைங்களை நீங்க வெச்சுக்கணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

கத்தரிக்கோல் நின்றது. “அன்னிக்கு ஒருத்தியைக் கேட்டேன். இல்லைன்னாரு. இன்னிக்கு மூணு பேரா?”

“ஆமா. மூணும் சேர்த்துத்தான். பிரிச்சுக் குடுக்கறதா இல்ல.”

அவர் கடைக்குட்டியின் காதை மெல்ல மடித்துப் பிடித்து, அதைச் சுற்றி வெட்டினார். அந்தக் காது முடிந்து மறுகாதும் முடிந்தது. பிறகு கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். “நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கல்ல? எதையும் மறைக்கலையே?”

“நல்லாத்தான் இருக்கோம். நல்லா இருக்கறப்பத்தான் கேக்கணும். அப்புறம் யாரு கேக்கறது?”

“இவங்க ரெண்டு பேரும் எங்க ரத்தம் இல்லைன்னு ஊரு சொல்லும்.”

“பெரியவ என் ரத்தம் இல்லைன்னும்தான் சொல்லிச்சு.”

 முடி திருத்துபவர் வெட்டிய முடியைத் தட்டிவிட்டு, கடைக்குட்டியை இறக்கிவிட்டு, “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்றார். அவ்வளவுதான்.

நான்கு நாள் பதில் வரவில்லை. அந்த நான்கு நாளும் லிஃப்டக்கா வழக்கம்போல் வேலை செய்தார். ஆனால் எங்கள் கட்டடத்தில் மஞ்சள் பலகையைக் கழற்றாமல் போய்விட்டார். ஓடுகிற லிஃப்டை விட்டுவிட்டு ஏழு மாடிக்காரர்களும் ஒரு நாள் முழுக்கப் படியேறினோம். ஐந்தாம் நாள் ரொட்டிக் கடைக்கு ஒரு பெண் வந்தார். முடி திருத்துபவரின் மனைவி. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டோம் என்றும் சொல்லவில்லை. கல்லாவில் நின்ற ரொட்டிக்காரரிடம், “சின்னவனுக்குச் சாப்பாட்டுல எது ஒத்துக்காது? நடுவுல இருக்கறவனுக்கு வெயில்ல மூக்குல ரத்தம் வருமாமே, அதுக்கு என்ன பண்ணுவீங்க? எல்லாத்தையும் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க” என்றார். ரொட்டிக்காரர் அன்று அடுப்பில் இருந்த ஒரு தட்டு ரொட்டியைக் கருக விட்டுவிட்டதாக மனைவி சொன்னார்.

அண்ணனையும் விட்டுவிடவில்லை. பிள்ளைகளை வளர்ப்பவர் ஒருவர், அவர்கள் சொத்தைப் பார்த்துக்கொள்பவர் இன்னொருவர் என்று பிரித்து எழுதலாம் என்றேன். கணக்கில் சுத்தமானவருக்குக் கணக்கு வேலை. அண்ணனுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. ‘என்னைத்தான் பொறுப்பாப் போட்டிருக்காங்க’ என்று நான்கு பேரிடம் சொன்னதாகக் கேள்வி. லிஃப்டக்கா அதைத் திருத்தவில்லை.

கையெழுத்து நாளில் ரொட்டிக்காரர் தேய்த்த சட்டை போட்டு வந்தார். காது மடலிலும் விரல்களிலும் மட்டும் மாவு. சாட்சிகளாகத் தரைத்தள நகல் கடைக்காரரும், மூன்றாம் மாடிப் பல் மருத்துவரும். சொத்தில் பங்கு உள்ளவர்கள் சாட்சியாக இருக்கக் கூடாது என்பதால் வெளி ஆட்கள். பல் மருத்துவர் தானாகக் கேட்டு வந்தார். “அந்தம்மா எனக்காகத் தரையில உக்காந்தாங்க” என்றார்.

ரொட்டிக்காரர் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் தயங்கினார். “இதுல கையெழுத்துப் போட்டா எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல சார்?” என்றார். “ஆகலைன்னா அடுத்த வருஷம் திருத்தி எழுதலாம்” என்றேன். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் போட்டுவிட்டார். லிஃப்டக்கா ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். சாட்சிகள் போட்டார்கள், போனார்கள். ரொட்டிக்காரர் அடுப்பு காத்திருக்கிறது என்று கிளம்பினார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த முடி திருத்துபவரிடம் அவர் நின்றார். ரொட்டிக்காரர் அவர் தோளில் கை வைத்தார், எடுத்தார், படியிறங்கிப் போனார். சட்டையில் வெள்ளையாக விரல்கள் பதிந்திருந்தன. முடி திருத்துபவர் அதைத் தட்டிவிடவில்லை.

அவரை உள்ளே கூப்பிட்டு லிஃப்டக்கா மூன்று தாள்களைக் கொடுத்தார். அவர் மனைவி கேட்டது. பிள்ளைக்கு ஒரு தாள். கடைக்குட்டியுடையது இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தது: எந்த மருந்து ஒத்துக்காது, இருட்டில் எந்தக் கதவு கொஞ்சம் திறந்திருக்க வேண்டும், பொய் சொல்லும்போது எந்தக் கையால் மூக்கைத் தொடுவான். நடுப்பையனுடையதும் அப்படியே. மூன்றாவது தாளில் கீழ்ப்பாதியில்தான் எழுத்து இருந்தது. மேல்பாதி வெறும் வெள்ளை.

“இது ஏன் காலியா இருக்கு?” என்றார் முடி திருத்துபவர்.

“நாலு வயசுலதானே அவ என் கைக்கு வந்தா. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது. முதல் பல்லு எப்ப வந்துச்சு, எதுக்குப் பயந்து அழுவா, உங்க அக்கா அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க. அவ அப்பாவை எழுதச் சொன்னேன். பேனாவை வெச்சுட்டு எழுந்து போயிட்டாரு. நீங்கதான் எழுதணும். அவளுக்கும் இது ஒரு நாள் வேணும்ல.”

அவர் அந்த வெள்ளைப் பகுதியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் என் பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கம் நகர்த்தினேன். எடுத்தார். மேஜைமேல் குனிந்து, தாளை இடது கையால் தடவிச் சமப்படுத்தி, முதல் எழுத்தை எழுதினார்.

ஜன்னலுக்கும் தாளுக்கும் நடுவில் தான் நிற்பதை லிஃப்டக்கா அப்போதுதான் பார்த்தார். வெளிச்சம் தாள்மேல் விழும்படி, சத்தமில்லாமல் இரண்டடி நகர்ந்து, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.